பூட்டில்லாத புத்தகத்துக்கு ஒரு பாஸ்

ஜெகதளாவுக்குக் கீழே பள்ளத்தில் இறங்குகிற அந்த எஸ்டேட்டில் எந்தப் பொருள் கேட்டைத் தாண்டினாலும் அதற்கு ஒரு பாஸ் வேண்டும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை அடுப்புக்கு எடுத்துப் போனால் பாஸ். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தகரம் இரண்டு வாங்கினால் பாஸ். சொந்தக் காசில் குன்னூரில் வாங்கிய பீரோவை வெளியே கொண்டுபோவதென்றாலும், அது அவரவர் பீரோதான் என்று ஆபீஸ் எழுதித் தருகிற பாஸ். சீட்டு இருந்தால் பொருள் உன்னுடையது. இல்லாவிட்டால் நீ எப்படி வாங்கினாய் என்பதெல்லாம் பிற்பாடு. முதலில் வாட்ச்மேன் ரூமில் உட்கார வேண்டும். இதை ஒரு குறையாக அங்கே யாரும் சொல்வதில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல அதுவும் ஒரு பழக்கம்.

சசிரேகா அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அதனால்தான் ஹெட் கிளார்க் சிவகுரு அந்தப் புத்தகத்துக்குப் பாஸ் கேட்டபோது, கேள்வி அவளுக்கு நியாயமாகவே பட்டது.

அவளுக்கு இருபத்தாறு வயது. ஊட்டியில் பி.காம். முடித்தவள். மூன்று வருஷம் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்துப் போய்வந்து, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் முதல் பட்டதாரி என்ற பெயரை வாங்கினாள். பட்டம் வாங்கிய கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடும் வேலை. அப்பா தினகரனுக்கு மூச்சிரைப்பு வந்து ஃபேக்டரி வேலையை விட்டதும் அவள் திரும்பி வந்துவிட்டாள். வந்த ஆறாம் மாதம் எஸ்டேட் ஆபீஸில் தற்காலிக கிளார்க் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை எடை ஷெட்டுக்கு வருவார்கள். அவரவர் நம்பரைக் கேட்டு, தராசில் தெரிகிற கிலோவை எழுதி, சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அம்மா சின்னம்மையும் அந்த வரிசையில் நிற்பாள். நம்பர் நூற்றுப் பதினேழு.

இந்த வேலையில் அவளை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. காலையில் பொதுக்குழாயடியில் "ஏ புள்ள, குடத்தை நகத்து" என்கிற பெண்கள், பத்து மணிக்கு எடை ஷெட்டில் "எவ்வளவுங்க வந்துச்சு?" என்று கேட்பார்கள். நாற்காலிக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை அது. அவள் எழுந்து நின்றால் போய்விடும். தான் படித்ததனால் கிடைத்தது அந்த 'ங்க' மட்டும்தானா என்று சில நாள் யோசிப்பாள். யோசித்து ஒரு முடிவுக்கும் வராமல் அடுத்த நம்பரைக் கூப்பிடுவாள்.

வேலை நிரந்தரமாவது அவளுக்கு வெறும் சம்பள விஷயமல்ல. குடியிருக்கும் வீடு அம்மாவின் பேரில் இருக்கிறது. அம்மா வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறாள். அதற்குள் வீட்டில் இன்னொருவர் நிரந்தரப் பணியில் இல்லையென்றால் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் போக ஓர் ஊர் இல்லை. தாத்தா காலத்தில் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். அங்கே இப்போது அவர்களுக்கு முகம் தெரிந்தவர்கள்கூடக் கிடையாது. ஒன்றரை வருஷத் தற்காலிகம் அக்டோபரோடு முடிகிறது, நவம்பர் முதல் தேதி நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் வரும் என்று சிவகுருவே சொல்லியிருந்தார்.

புத்தகம் வந்தது இதற்கு நடுவில்.

சசிரேகா போனில் படிக்கிறவள். கடைக்குப் போய் வாங்கக் குன்னூர் வரை பஸ் ஏற வேண்டும். வாங்கினாலும் வீட்டில் வைக்கிற இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒரு செயலியில் ஐந்து மின்நூல் வாங்கி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அம்மா என்ன கதை என்று கேட்பாள். இவள் சொல்வாள். சொல்லச் சொல்ல அம்மாவுக்கு ருசி பிடித்துவிட்டது. தேயிலைக் காட்டில் எட்டு மணி நேரம் கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது, அந்தப் போனே படித்துக் காட்டாதா என்று ஒரு நாள் கேட்டாள். போனில் வாசித்துக் காட்டும் குரல் இருந்தது. சசிரேகா அதைப் போட்டுப் பார்த்தாள். அந்தச் செயலியில் இருந்த புத்தகங்களை அது தொட மறுத்தது. 'பட்டியல்', 'பின்செல்' என்று பொத்தான்களின் பெயரைப் படித்துவிட்டு நின்றுகொண்டது. புத்தகம் வாங்கினவளுடையது, ஆனால் கண்ணால் மட்டும்தான் படிக்கலாம். தேயிலைக் காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் நாலு நாள் வைத்திருந்தால் மறுபடி நீ யார் என்று கேட்கவும் செய்தது.

பூட்டில்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்களா என்று தேடித்தான் அந்தப் பதிப்பகத்தைக் கண்டுபிடித்தாள். ஈரோட்டில் ஒருவரோ இருவரோ நடத்துகிற சின்னப் பதிப்பகம். காசு கட்டினால் கோப்பு வரும், அவ்வளவுதான். லைன் வீட்டில் நெட் சரியாக வராது என்பதால் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒயரைப் போட்டுத் தன் போனுக்கும் அம்மாவின் போனுக்கும் மாற்றினாள். குரலைப் போட்டதும் அது மடமடவென்று படித்தது.

ஒரு ரயில்வே கேட் காவலாளி காணாமல் போகிற கதை. அவன் மனைவி ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடிப் போகிறாள். இருபத்து நான்கு அத்தியாயம்.

காட்டில் காதில் ஒயர் மாட்டக்கூடாது. ஒன்பதாம் நம்பர் காட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, கரடி பின்னால் வந்ததைக் கேட்காமல் தோளில் கடி வாங்கியதிலிருந்து அது கண்டிப்பான விதி. அதனால் சின்னம்மை போனைச் சாப்பாட்டுத் தூக்குப்போசிக்குள் நிறுத்தி வைத்துச் சத்தமாகவே போட்டாள். போசிக்குள் குரல் கணீரென்று ஏறியது. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் ஒருவராக நெருங்கி வந்தார்கள். ஆள் செத்ததையும் "அத்தியாயம் ஏழு" என்பதையும் ஒரே தொனியில் படிக்கிற அந்தக் குரலுக்கு 'மெஷின் டீச்சர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் மனுவேல் முதல் நாள் சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அவரே பாறை மேல் உட்கார்ந்து கேட்டார். பேச்சுச் சத்தம் இருக்கிற பக்கம் கரடி வராது. வழக்கமாக அதற்கென்று ஒருத்தி தகரம் தட்ட வேண்டும். ஒரு வாரமாகத் தகரம் தட்டாமலே கரடி வரவில்லை.

"கரடிக்கு இந்தக் கதை புடிக்கலையாட்ட இருக்குது," என்றாள் வேலாமணி. சின்னம்மைக்கு அடுத்த வரிசைக்காரி, நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாதவள். காவலாளி இன்னொருத்தியோடு ஓடிவிட்டான் என்பது அவள் கட்சி. கொழுந்தன்காரன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்பது சின்னம்மையின் கட்சி.

தொந்தரவு லீவில் தொடங்கியது. யாராவது ஒரு நாள் வராவிட்டால் இரண்டு அத்தியாயம் போய்விடும். மறுநாள் மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி திருத்துவாள், கடைசியில் கதை எது என்பதே சண்டையாகும். எங்க போனிலயும் ஏத்தி வுடு கண்ணு, விட்டதை ஊட்டுல கேட்டுக்கறோம் என்று எட்டுப் பேர் எடை ஷெட்டில் போனை நீட்டினார்கள். சசிரேகா ஏற்றிவிட்டாள். மத்தியான எடை முடிவதற்குள் எட்டுப் போனுக்கும் போய்விட்டது. எந்தப் போனும் எதையும் கேட்கவில்லை. அன்றைக்கு அவளைக் குழாயடியிலும் எடை ஷெட்டிலும் ஒரே மாதிரி 'கண்ணு' என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் அவள் அப்போது எதையும் நினைக்கவில்லை.

சிவகுரு மாதக் கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்ப்பார். இதே கம்பெனியின் இன்னொரு எஸ்டேட்டில் காசு கட்டாத கணக்கு மென்பொருளை வைத்திருந்து பிடிபட்டு, அபராதமும் அவமானமும் ஆனதிலிருந்து, நகலெடுத்த பொருள் எதுவும் எங்கள் ஆபீஸில் இல்லை என்று மாதாமாதம் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவர் அதை மற்றவர்களைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவரல்ல. அந்த மாதம் பார்த்தபோது சசிரேகாவின் கம்ப்யூட்டரில் அவள் அழிக்க மறந்த கோப்பு கிடந்தது. அவளைக் கூப்பிட்டார்.

"இது என்னம்மா?"

"புத்தகங்க சார். காசு குடுத்து வாங்குனது. இங்க நெட்டு நல்லா இருக்குதுன்னு மத்தியானம் எறக்குனேன், அழிக்க மறந்துட்டேனுங்க."

அவர் அதன்மேல் சொடுக்கினார். முதல் பக்கம் விரிந்தது. ஏதோ கேட்கும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே?"

"கேக்காதுங்க சார்."

"வாங்குனதுன்னா கேக்கும்மா. எம்பொண்ணு கனிஷ்காவுக்கு ஒரு பாடப் புத்தகம் வாங்குனேன். நம்பர் கேட்டுச்சு, ஓடிபி கேட்டுச்சு, போனை மாத்துனதும் நீ யாருன்னு எங்கிட்டயே கேட்டுச்சு. அதுதான் ஒரிஜினல். இது கேட்டில்லாத எஸ்டேட்டாட்ட தொறந்து கெடக்குது."

அவள் போனை எடுத்துக் காசு கட்டிய செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"காசு போயிருக்குது, சரி. திருடிட்டு வந்ததையும் காசுக்குத்தான் விக்கிறாங்க. விக்கிறவங்களுக்கு இது சொந்தம்தான்னு யாரு சொன்னா? பாஸ் எங்க?"

 புத்தகத்தைத் திறந்ததும் அவளுக்கு வந்த அதே சந்தேகம்தான் இது. முதன்முதலில் அது எதையும் கேட்காமல் திறந்தபோது, டூப்ளிகேட் ஏதாவது தலையில் கட்டிவிட்டார்களோ என்று அவளே ஒரு நிமிஷம் நினைத்தாள். பூட்டுத்தான் ஒரு பொருளை உண்மையானது என்று காட்டும் என்கிற நினைப்பு இருவருக்கும் இந்த எஸ்டேட்டில்தான் ஏறியிருந்தது.

மத்தியானத்துக்குள் மெமோ வந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாத நகல் வைத்திருந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். நிரந்தரப் பட்டியல் சனிக்கிழமை போகிறது. விளக்கத்தைப் பார்த்துத்தான் அவள் பெயர். சிவகுரு இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறவன் நானம்மா என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தொரு வருஷத்தில் சின்னம்மை ஒரு மெமோ வாங்கியதில்லை. பொஸ்தகம் படிச்சதுக்கா மெமோ குடுப்பாங்க என்று இரண்டு தடவை கேட்டாள். தினகரன் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாளை வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் முழுவதும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். மார்ச்சுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குது என்றார். அவர் எதைக் கணக்குப் போட்டார் என்று மற்ற இருவருக்கும் புரிந்தது.

சசிரேகா பதிப்பகத்துக்கு எழுதினாள். இந்தத் தேதியில் நான் உங்களிடம் ஒரு நூல் வாங்கினேன், அது என்னுடையதுதான் என்று ஒரு சீட்டு தர முடியுமா, ஆபீஸில் கேட்கிறார்கள் என்று எழுதினாள். 'சீட்டு' என்று எழுதிய பிறகு சிரிப்பார்களோ என்று தோன்றியது. மாற்றாமல் அனுப்பிவிட்டாள். மறுநாள் பதில் வந்தது. கிருத்திக் என்று ஒருவர் பதிப்பகத்தின் பெயர்போட்ட தாளில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்.

நூலின் உரிமை எங்களிடம் இருக்கிறது, சசிரேகா அதை எங்களிடம் முறையாக வாங்கியவர் என்று முதல் பத்தியில் இருந்தது. அடுத்தது இப்படி: "எங்கள் நூல்களுக்கு நாங்கள் பூட்டுப் போடுவதில்லை. வாங்க வருகிறவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே விற்க எங்களுக்கு விருப்பமில்லை. உங்களுடைய எந்தக் கருவியிலும் இதை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கேட்டால் அவர்களையும் ஒரு பிரதி வாங்கச் சொல்லுங்கள். விலையில் எழுதியவருக்குப் போகிற பாதி அதிலிருந்துதான் வருகிறது."

படித்ததும் முதலில் மெமோ முடிந்தது என்றுதான் நினைத்தாள். இரண்டாவது தடவை படித்தபோது கடைசி இரண்டு வரியில் நின்றுவிட்டாள். எடை ஷெட்டில் வரிசையாக நீண்ட எட்டுப் போன்கள் ஞாபகத்துக்கு வந்தன.

சிவகுரு சொன்ன குற்றத்தை அவள் செய்யவில்லை. அவர் சொல்லாத, அவருக்குத் தெரியாத ஒன்றைச் செய்திருக்கிறாள். ஒரு மூட்டைக்குப் பாஸ் வாங்கிக்கொண்டு ஒன்பது மூட்டை கொண்டுபோனவனை வாட்ச்மேன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் வாட்ச்மேன் இல்லாமல் ஒரு பொருளைக் கொடுத்ததில்லை. காலேஜ் லைப்ரரியில்கூட வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். முதல் தடவையாக ஒருவர் உன்னை நம்புகிறேன் என்று கொடுத்திருக்கிறார், அதை வைத்து அவள் செய்தது இது. இத்தனை நாள் தான் யோக்கியமாக இருந்தது பூட்டு இருந்ததனால்தானா? அந்தச் செயலியின் ஐந்து புத்தகங்களை யாருக்கும் கொடுக்காதது நேர்மையா, கொடுக்க முடியாததா? இதற்கு அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியாதது அவளைக் கோபப்படுத்தியது.

மறுநாள் காலை குழாயடியில் எட்டுப் பேரிடமும் விஷயத்தைச் சொன்னாள். நான் ஏத்திக் குடுத்தது தப்பு, வேணுங்கிறவங்க வாங்கிக்குங்க, இல்லாட்டி அழிச்சுடுங்க, அம்மா போன்ல காட்டுல எப்பவும்போலக் கேக்கலாம் என்றாள். பதினெட்டாவது அத்தியாயத்தில் நிற்கிறவர்களிடம் அதைச் சொன்னதுதான் தவறாகப் போயிற்று.

மூக்கம்மா மட்டும் பயந்துபோய் அங்கேயே போனை நீட்டி அழிக்கச் சொன்னாள். கேஸு ஏதும் வராதே என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். செல்விக்கு வாங்குவதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் போனில் காசு அனுப்பத் தெரியாது, பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் செய்வான். வேலாமணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தாளு உசுரோட இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லு கண்ணு, இப்பவே அழிச்சுடறேன்."

"அதைச் சொன்னா மத்தவங்க என்னை அடிப்பாங்கக்கா."

சிரித்தார்கள். வேலாமணி சிரிக்கவில்லை. "நாம கொழுந்து பறிக்கறோம். அந்தத் தூளை யாரு குடிக்கறா, ஒரு பாக்கெட்டை எத்தன ஊட்டுல குடிக்கறாங்கன்னு போய்ப் பாஸ் கேட்டமா? காத்துல வர்ற கதைக்குக் காசா?"

 அந்தக் கேள்வியில் பாதி சரி என்றே சசிரேகாவுக்குத் தோன்றியது.

"நாம பறிச்சதுக்கு எடை போட்டு வாங்கிக்கறோமில்லக்கா. எழுதுனவங்களுக்கு எடை ஷெட்டு இதுதான். பறிச்ச மூட்டைய நான் எழுதாம உட்டா நீங்க என்னை உடுவீங்களா?"

வேலாமணி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "படிச்ச புள்ள, உனக்குப் பேசத் தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பாராட்டா குத்தலா என்று சொல்ல முடியாத தொனி.

விளக்கம் கொடுக்க அன்று ஒரு நாள்தான் பாக்கி. சாயங்காலம் சசிரேகா வீட்டில் எழுத உட்கார்ந்தாள். கடிதத்தின் கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் போன் திரையில் வெட்டியெடுத்துப் பார்த்தாள். கையெழுத்து தாளின் ஓரத்தில் மேலேயே இருந்ததால் பார்வைக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. சிவகுரு இதை வாங்கிக்கொள்வார். மெமோ முடிந்துவிடும். ஆனால் பார்க்கப் பார்க்க அது எண்ணிக்கை எழுதிய ஓரத்தைக் கிழித்துவிட்டுக் காட்டுகிற பாஸ் மாதிரியே இருந்தது. முழுக் கடிதத்தையும் வைத்தால் அந்த வரிகளை அவர் படிப்பார். அதைப் படித்துவிட்டு அவர் கேட்காமல் விட்டாலும், தான் பதில் சொல்லாமல் விட்டது அதிலேயே நிற்கும்.

சின்னம்மை சோற்றை வடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் என்ன எழுதப் போகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"கேக்காததுக்குப் பதில் சொல்லாத சாமி. ஊடு போச்சுன்னா எங்க போறது? உங்கப்பனை எங்க வெச்சுப் பாக்கறது?"

"தெரியுதும்மா."

"தெரிஞ்சுமா எழுதற?"

சசிரேகா பேனாவைக் கீழே வைத்தாள். அம்மா சொல்வதில் தவறில்லை. ஒரு புத்தகத்தின் எட்டு நகலுக்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வரலாமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் அவளே கூடாது என்றுதான் சொல்வாள். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஆயுசுக்கும் மற்றவர்களின் கிலோவை எழுதப் போகிறவள் அவள். நூற்றுப் பதினேழாம் நம்பர் தராசில் ஏறும்போது யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. அரைக் கிலோ கூட்டி எழுதினால் யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கூட்டி எழுதியதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒன்றைச் சரியாகச் செய்யத் தெரியும் என்பதற்கு அவளிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். இதை எழுதாமல் விட்டால் அந்தச் சாட்சியையும் இனிமேல் நம்ப முடியாது.

அம்மாவிடம் இதை விளக்க முயன்றாள். சரியாக வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

 சின்னம்மை எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். "எழுதறதுன்னா எழுது. எங்க பேரையெல்லாம் எழுதாத," என்றாள்.

வெள்ளிக்கிழமை விளக்கத்தைக் கொடுத்தாள். ஒரு பக்கம். வாங்கிய தேதி, முழுக் கடிதம் இணைப்பு, ஆபீஸ் கம்ப்யூட்டரை உபயோகித்ததற்கு வருத்தம். கடைசிப் பத்தியில், இந்த நூலை எட்டுப் பேரின் போனுக்கு நான் நகலெடுத்துக் கொடுத்தேன், அப்படிச் செய்யக்கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன், அவர்களிடம் வாங்கவோ அழிக்கவோ சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

சிவகுரு கடிதத்தை முதலில் படித்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பூட்டுப் போடாமலே விக்கறாங்களா என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு விளக்கத்தைப் படித்தார். கடைசிப் பத்தி வந்ததும் மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தார்.

"இதை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க சார்."

"அப்ப எடுத்துடு. வேற டைப் பண்ணிட்டு வா. பத்து நிமிசம் இருக்குது."

அவள் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் தொங்கிய மழை அளவு அட்டவணையைப் பார்த்தாள். எதையும் படிக்கவில்லை.

"இருக்கட்டுங்க சார்."

"துரை இதைப் படிச்சுட்டு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு வந்து எங்கிட்ட அழுகக் கூடாது."

"அழுக மாட்டேனுங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து, துரை என்று எல்லோரும் சொல்கிற மேனேஜரின் தட்டில் வைத்தார்.

சனிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை.  ஞாயிற்றுக்கிழமை தினகரன் கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டில் வாடகை எவ்வளவு இருக்கும் என்று யாரிடமோ போனில் கேட்டது அவள் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை சிவகுரு ஒரு கவரைக் கொடுத்து நகலில் கையெழுத்துப் போடச் சொன்னார். தற்காலிகப் பணி மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. ஜனவரி முடிவில் நடத்தையைப் பார்த்து நிரந்தரம் பரிசீலிக்கப்படும். காரணம்: ஆபீஸ் கம்ப்யூட்டரைச் சொந்த வேலைக்கு உபயோகித்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள். எட்டு நகலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புத்தகம் என்ற சொல்லே இல்லை. கடைசிப் பத்தியை எழுதாமல் விட்டிருந்தாலும் இதே கவர்தான் வந்திருக்கும் போலத் தோன்றியது. அல்லது எழுதியதனால்தான் மூன்றோடு நின்றதோ, எழுதியதனால்தான் சனிக்கிழமை பெயர் போயிற்றோ. கேட்டால் சிவகுரு சொல்வார். கேட்கலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று நகலில் கையெழுத்துப் போட்டாள்.

"துரை ஆறு மாசம்னாரு," என்றார் சிவகுரு, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டே. "உங்கம்மாவுக்கு மார்ச்சுன்னு சொன்னேன்."

அவள் நன்றி சொன்னாள். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த ஃபைலை எடுத்தார்.

பத்து மணி எடைக்கு ஷெட்டுக்குப் போனாள். எட்டுப் பேரில் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வைத்து வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் அழித்துவிட்டார்கள். ஒருத்தி, போனே தண்ணீரில் விழுந்துவிட்டது என்றாள். வேலாமணி ஒன்றும் சொல்லவில்லை, மூட்டையைத் தராசில் மாட்டினாள்.

"பட்டியல்ல பேரு இல்லையாமா?"

"மூணு மாசம் தள்ளிப் போட்டிருக்காங்கக்கா."

"ஊடு?"

"ஜனவரில போட்டுட்டாங்கன்னா ஒண்ணும் ஆகாது."

வேலாமணி தராசு முள்ளைப் பார்த்தாள். அவள் போனில் இன்னும் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று சசிரேகாவுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் வேலாமணி ஏதாவது ஒன்றைச் சொல்வாள், அதை நம்புவதா வேண்டாமா என்று இன்னொரு கணக்கு ஆரம்பிக்கும். அது வேலாமணியின் பாடு. பதினாறே முக்கால் என்று எழுதினாள்.

அடுத்து நின்றது சின்னம்மை. மூட்டையை மாட்டிவிட்டு, எவ்வளவு என்று கேட்காமல், மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு மாசமா?"

"ம்."

"அதுக்குள்ள இன்னொரு மெமோ வாங்காம இரு," என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்கிறவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தாள். சசிரேகா நூற்றுப் பதினேழுக்கு எதிரே பதினான்கே கால் என்று எழுதினாள். முள் பதினான்கே காலில்தான் நின்றது.